பாசிட்டிவ் தோடு

கொரோனாவுக்கு வயசு வித்தியாசம் கிடையாது என்று டிவியில் சொன்னார்கள். உண்மைதான். வயசு பார்ப்பது கொரோனா அல்ல, கொரோனா சென்டர்.

இரண்டாம் அலையின்போது, ஆந்திராவில் வடமாலபேட்டையில் வாடகைக்கு இருந்த கோகுலகிருஷ்ணன் குடும்பத்தில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அவனுக்கு நெகட்டிவ். மனைவி மோகனப்ரியாவுக்கு நெகட்டிவ். மூன்று வயசு கௌசிகாவுக்கு மட்டும் பாசிட்டிவ். வாசப்படி தாண்டாத குழந்தைக்கு எப்படி வந்தது என்று தெருவே கேட்டது. தினமும் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் நசுங்கிவிட்டு வருகிற கோகுலும் தெருவோடு சேர்ந்துகொண்டு, "அதான, எப்படி வந்துக்கும்?" என்று மோவாயைத் தடவினான்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. திருப்பதியில் ஒரு காலேஜ் ஹாஸ்டலைச் சென்டராக மாற்றியிருந்தார்கள். ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

"நான் பேசறேன்யா," என்றாள் மோகனப்ரியா. அவள் நகரிக்காரி. பத்தாவது வரைக்கும் தெலுங்கு மீடியம்.

"நீ கொயந்தைய வச்சிக்கினு ஆட்டோலயே குந்து. வூட்டுத் தெலுங்கு வேற, ஆபீஸ் தெலுங்கு வேற."

கோகுலுக்குச் சொந்த ஊர் திருத்தணி. சூப்பர்வைசர் திட்டத் திட்டக் கற்றுக்கொண்ட தெலுங்கு அவனுடையது. அதனால் அதில் மரியாதைச் சொற்கள் குறைவு. அந்தக் குறையை வாக்கியத்துக்கு நாலு 'அண்டி' போட்டுச் சரிக்கட்டுவான்.

கவுண்டரில் சிட்டிபாபு என்ற அதிகாரி இருந்தார். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் பிளாஸ்டிக் தடுப்பு. கண் மட்டும் கம்ப்யூட்டரில்.

"நமஸ்காரமண்டி! மா பாப்ப பாசிட்டிவ் அண்டி!"

சிட்டிபாபு நிமிரவில்லை. "பாப்பகி தோடு உண்டாலி. தோடு லேகுண்டா லோபலிகி பம்பம்."

தெலுங்கில் தோடு என்றால் துணை. சின்னக் குழந்தையைத் துணையில்லாமல் உள்ளே அனுப்ப மாட்டோம் என்கிறது விதி. தமிழில் தோடு என்றால் காதில் போடுவது. கோகுல் காதில் விழுந்தது தெலுங்கு. ஆனால் விழுந்த காது திருத்தணிக் காது.

ஆட்டோவுக்கு ஓடினான். "கொயந்தைக்குத் தோடு போடணுமாம்!"

"தோடா? தங்கத்துல கொரோனா ஒட்டும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு நீதானய்யா கயட்டி வச்ச! இப்ப இன்னாத்துக்கு?"

"வெரல்ல மாட்டற ஆக்சிஜன் மிஷின் கொயந்தை வெரல்ல நிக்காது. காதுலதான் மாட்டுவாங்க. தோடு இருந்தா கிளிப்பு வழுக்காது. எல்லாம் சயின்ஸு."

சயின்ஸ் என்றதும் மோகனப்ரியா தன் கல்லுத் தோட்டைக் கழற்றிக் குழந்தைக்கு மாட்டினாள். கௌசிகாவின் காது தோளைத் தொட்டது. கோகுல் அவளைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினான்.

"தோடு ரெடி அண்டி! ரெண்டு!"

"ரெண்டு தோடா? ஒக்கரிகே பர்மிஷன்."

ஒன்றுதான் அனுமதி. கவர்மெண்டில் எதற்கும் ஒரு அளவு உண்டு என்று வியந்து, கோகுல் ஒன்றைக் கழற்றினான். கௌசிகா அதைப் பிடுங்கி வாயில் போட்டுச் சப்பினாள்.

"தோடுகி டெஸ்ட் சேயிஞ்சாவா?"

நகைக்கும் டெஸ்ட்டா? நியாயம்தான், வாட்ஸ்அப்பில் வந்ததாயிற்றே. குழந்தை வாயில் விரல் விட்டுத் தோட்டை எடுத்துக்கொண்டு சாம்பிள் கவுண்டருக்கு ஓடினான். அங்கிருந்த ஷோபா விடியற்காலையிலிருந்து கவச உடைக்குள் வெந்துகொண்டிருந்தாள். "தோடுகி டெஸ்ட் அண்டி" என்று அவன் நீட்டியதும் கேள்வி கேட்கவில்லை. குச்சியால் தேய்த்தாள். பாசிட்டிவ்.

சிட்டிபாபு கம்ப்யூட்டரில் தட்டிப் பதிவு செய்தார். பாப்பாவுக்கு ஒரு பெட், தோடுக்கு ஒரு பெட். தோடுக்கு தினம் ஒரு முட்டையும் உண்டு.

ஆட்டோவிலிருந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு மோகனப்ரியா உள்ளே நுழையப் போனபோது வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தான். தோடு ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம், இன்னொரு தோடுக்கு இடம் இல்லையாம். நகரித் தெலுங்குக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"யோவ்! தோடுன்னா துணைய்யா! என்னை உடச் சொன்னா என் கம்மலை உள்ள உட்டுக்கினு வந்துகிற!"

கௌசிகா அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டு வீறிட்டாள். மோகனப்ரியா கவுண்டருக்குப் போய்த் தெலுங்கில் கெஞ்சினாள், சண்டை போட்டாள், மறுபடி கெஞ்சினாள். சிட்டிபாபு கையை விரித்தார். எண்ட்ரி அயிபோயிந்தி, பதிவு முடிந்துவிட்டது. தோடு பாசிட்டிவ், அது உள்ளேதான் இருக்க வேண்டும். நெகட்டிவ் ஆள் உள்ளே போகவே கூடாது.

"அப்ப எனக்கு இன்னொரு தபா டெஸ்ட் எடு!"

எடுத்தார்கள். பாசிட்டிவ்!

மோகனப்ரியா பத்தாவது பாஸான அன்றைக்குக்கூட அப்படிக் குதித்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கோகுல் பக்கத்து ஆளிடம், "எங்க வூட்டம்மாதான்," என்று பெருமையடித்துக்கொண்டான்.

சிட்டிபாபுவே மனசு இளகி, தோட்டை நீக்கி அம்மாவைச் சேர்த்தார். ஆனால் புது எண்ட்ரி என்றால் புது ரிப்போர்ட் வேண்டும் என்றது கம்ப்யூட்டர். கௌசிகாவின் மூக்கில் மறுபடி குச்சி போயிற்று. அவள் நெகட்டிவ்.

நெகட்டிவ் குழந்தைக்கு உள்ளே அனுமதி இல்லை. பாசிட்டிவ் அம்மாவுக்கு வெளியே அனுமதி இல்லை. கவச உடைக்காரர்கள் இரண்டு பேர் மோகனப்ரியாவை அழைத்துக்கொண்டு போனார்கள். துணைக்குப் போனவள் உள்ளே, துணை வேண்டியவள் வெளியே.

இடுப்பில் கதறும் குழந்தையோடு கோகுல் கவுண்டரில் சாய்ந்தான். தெலுங்கு மொத்தமும் தீர்ந்துவிட்டிருந்தது.

"சார், அம்மா இல்லாட்டி இது தூங்கவே தூங்காது சார். எனக்குக் கஞ்சிகூட வைக்கத் தெரியாது."

சிட்டிபாபு முதல்முறையாக நிமிர்ந்தார்.

"அட, தமிழா நீ? மொதல்லயே சொல்லக் கூடாதா நைனா? நான் சத்தியவேடுப்பா!"

"சார்! அப்ப துணைன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கலாமே சார்!"

"நீதான் அண்டி அண்டின்னு ஆரம்பிச்ச. நெல்லூர்ப் பக்கத்து அசல் தெலுங்கு ஆளுன்னு நெனச்சேன். எனக்கே பயமா வந்துது, தப்பாப் பேசிடுவமோன்னு."

"நானு புத்தூருண்ணா," என்றாள் கவச உடைக்குள்ளிருந்து ஷோபா. "தோட்டை நீட்டும்போதே சந்தேகந்தான். தெலுங்குல கேட்டா சிரிப்பாங்களேன்னு உட்டுட்டேன்."

"நாங்க நாகலாபுரம்," என்றது வரிசையில் ஒரு குரல். "நாங்க பிச்சாட்டூரு." "நாங்க நகரிதான், ஏகாம்பரகுப்பம்." கடைசி ஆள் வரைக்கும் போயிற்று, எல்லாம் எல்லையோரத் தமிழ் ஊர். ஒருவர்கூடத் தெலுங்குக்காரர் இல்லை.

கௌசிகா மட்டும் அழுகையை நிறுத்தவில்லை. அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

சிட்டிபாபு மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அடுத்த ஆள் யார் என்று தெலுங்கிலேயே கேட்டார்.

"தருவாத எவரு?"

வரிசை மொத்தமும் நிமிர்ந்து நின்று, 'நாங்கதான்' என்பதை ஒரே குரலில் தெலுங்கில் சொன்னது: "மேமண்டி!"