தயிர்ச்சோறு தின்ற பொம்மை

பகல் பன்னிரண்டேகாலுக்குப் பொம்மை தயிர்ச்சோறு சாப்பிட்டதைச் சித்தாள் வேண்டா பார்த்தாள். கலவைச் சட்டியைக் கீழே போட்டாள். ஏணியில் இறங்கவில்லை. குதித்தாள்.

கூடுவாஞ்சேரியில் பாதி முடிந்து நின்ற அந்த வீட்டின் மொட்டைமாடியில் ஒரு திருஷ்டி பொம்மையை நாற்காலியில் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். வைக்கோல் உடம்பு. பழைய கால்சட்டை. தலைக்குப் பானை, அதில் சுண்ணாம்பால் கண்ணும் மீசையும். வழக்கப்படி வீட்டுக்காரரின் பழைய சட்டையைத்தான் மாட்டியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் பூவராகவன் அன்று அதே துணியில் தைத்த இன்னொரு கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். பொம்மைக்குப் பின்னால் விழுந்த கொஞ்சம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேண்டா கண்ட காட்சியில் பானைத் தலையும் சோறு அள்ளிய கையும்தான் இருந்தன.

அந்த நேரத்தில் பூவராகவன் செங்கல்பட்டு அலுவலகத்தில் இருக்க வேண்டியவர். சிமெண்டு பர்மிட்டில் மட்டும் கிடைத்த காலம் அது. கலவையில் சிமெண்டு விழுகிறதா, மண் மட்டும் விழுகிறதா என்று பார்க்கத் தினமும் குடையை அலுவலக நாற்காலியில் மாட்டிவிட்டு ரயிலேறி வந்து, பின்பக்கச் சாரத்தில் ஏறி, மேலிருந்து வேவு பார்ப்பார். யாருக்கும் தெரியாது. மேலாளர் தாண்டவராயனுக்குத் தெரியவே கூடாது. சீட்டில் இல்லாதவர்களை அவர் கேள்வி கேட்பதில்லை. ஊர் மாற்றிவிடுவார்.

வேண்டா குதித்த சத்தம் கேட்டதும் பூவராகவன் வந்த வழியே இறங்கி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

மாலையில் மேஸ்திரி முனிசாமி அவருடைய வாடகை வீட்டுக்கு வந்தான்.

“சார், பொம்ம சோறு துன்னுது.”

“எந்தப் பொம்மை?”

“நம்ம பொம்ம தான். மாடில கீதே. ஆளுங்க எவனும் வேலைக்கு வரமாட்டேன்றான்.”

“என்ன சோறு?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் அமிர்தவல்லி.

“தயிர் சோறும்மா. தொட்டுக்க நார்த்தங்கா.”

அமிர்தவல்லி வெளியே வந்து கணவனைப் பார்த்தாள்.

“சட்டையோட உங்க நாக்கும் சேர்ந்து போயிருக்குது,” என்றாள்.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் புது வீட்டுக்குக் குடி போயாக வேண்டும். வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மருமகனுக்கு ஒதுக்கிவிட்டார். பூச்சு வேலை பாதியில் நிற்கிறது. பூவராகவன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

“முனிசாமி, அது நான்தான்.”

“நீ ஆபீஸ்ல கீற நேரமாச்சே சார்.”

“வந்திருந்தேன்.”

“அப்ப நல்லதாப் போச்சு. நாளிக்கு ஆபீசாண்ட வந்து உங்க பெரியவர ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடறேன். நான் சொன்னா இவனுங்க நம்ப மாட்டானுங்க.”

பூவராகவன் அவசரமாகக் கையை ஆட்டினார்.

“நான் ஆபீஸில்தான் இருந்தேன்,” என்றார்.

“அதான பார்த்தேன்,” என்றான் முனிசாமி.

பொம்மையை எடுத்துவிடச் சொன்னார். முனிசாமி தலையை ஆட்டினான்.

“குடி போறதுக்கு மின்னாடி எறக்குனா ஊரு கண்ணு மொத்தமும் வூட்டுக்காரன் மேல வுழும் சார். எறக்குறவனுக்கும் அதுல பங்கு கீது. எனக்கு புள்ள குட்டிங்க கீது.”

“சரி. பசிக்குதுன்னுதானே சாப்பிட்டது? சோறு வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.”

மறுநாள் காலையில் அமிர்தவல்லி இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒன்றை வேண்டா பொம்மையின் காலடியில் பிரித்து வைத்தாள். காக்கைகள் வந்து போயின. மத்தியானம் அவள் போய்ப் பார்த்தபோது இலை சுத்தமாக இருந்தது.

வேலை நடந்தது. ஒரு நாள்.

அடுத்த நாள் மாலை முனிசாமி கையில் தேங்காய் மூடியோடு வந்தான்.

“வேண்டாவோட ஆடு காணாமப் போச்சு சார். பொம்மையாண்ட வேண்டிக்கினா. சாயங்காலமே வந்துட்ச்சி.”

“ஆடு தானாகவே வரும்.”

“ஆட்டோட அவ புருசனும் வந்துட்டான் சார். ரெண்டு வருசமா காணாமப் போனவன். ஆட்ட ஓட்டிக்கினு போனதே அவன்தான்.”

“வேண்டாவுக்குச் சந்தோஷமா?”

“ஆடு வந்ததுல சந்தோசம்.”

அந்த வாரமே கூட்டம் சேர்ந்தது. ஆட்கள் பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொம்மையின் கழுத்தில் அரளி மாலை விழுந்தது. யாரோ பானையில் திருநீறு பூசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூவராகவன் வாசலில் நின்றபோது, கூடையைத் தலையில் வைத்த ஒரு பெண் வந்தாள்.

“நைனா, நெம்மேலிலேந்து வரேன். ரெண்டு பஸ்சு மாறி. தயிர்சோத்து சாமி எங்க கீது?”

“இது வீடு அம்மா. என் வீடு.”

“இருக்கட்டும். மேல எப்டி போறது?”

அவள் கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினாள். கூடையில் வஞ்சிரம் இருந்தது. அவள் இறங்கிவரும் வரை அவர் ஈ ஓட்டினார்.

முனிசாமி பக்கத்தில் வந்து நின்றான்.

“பொம்பளைங்க ஏணில கஷ்டப்படுதுங்க சார். ஒரு படி கட்டிடலாம்.”

“பூச்சு வேலை?”

“அது கீது.” முனிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டான். “இன்னொன்னு. மேல சாமி கீது. கீழ நீங்க குடித்தனம் பண்றது தப்பாச்சேன்னு ஆளுங்க பேசிக்கினாங்க. கொல்லப்பக்கம் ஒரு கொட்டாய் போட்டுக் குடுத்துடறோம். செலவு எங்களோடது.”

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்தார்.

“கொட்டாயில் குழாய் உண்டா?” என்று கேட்டாள் அமிர்தவல்லி.

அன்றுதான் பொம்மையைத் தானே ஒழித்துவிடுவது என்று பூவராகவன் முடிவு செய்தார். ஊர்க் கண் மேலே விழுந்தால் விழட்டும். கண்ணைத் தாங்கலாம். கொட்டாயைத் தாங்க முடியாது.

அமாவாசை வந்தது. கொத்து வேலைக்கு விடுமுறை. அமாவாசை உச்சிப்பொழுதில் சாமி எதிரே நின்றால் ஆகாது என்று வேண்டா சொல்லி வைத்திருந்ததால் கூட்டமும் இல்லை. பூவராகவன் அலுவலகத்திலிருந்து நழுவி, கட்டம் போட்ட சட்டையோடு வந்து சேர்ந்தார்.

சாரத்தில் ஏறினார். பானையைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாலைகளை அறுத்தார். வைக்கோலைப் பிடுங்கிக் கொல்லையில் போட்டார். அங்கே நின்ற ஒரு மாடு எந்தப் பயமும் இல்லாமல் சாமியின் வயிற்றைத் தின்ன ஆரம்பித்தது. பொம்மையின் சட்டையையும் கால்சட்டையையும் கீழே எறிந்தார். பானையை உடைக்க ஒரு செங்கல்லைத் தேடினார்.

முன்பக்கத்தில் ஏணி முனகியது.

யாரோ ஏறி வந்தார்கள். சாமியைப் பிய்த்துப் போட்டவனை ஊர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். சாரத்துக்கு ஓட நேரமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கைகளைத் தொங்கவிட்டார்.

உள்ளே இருட்டாக இருந்தது. பழைய புளிக்குழம்பு வாசனை. காலடிச் சத்தம் எதிரே வந்து நின்றது. ஓர் இருமல் கேட்டது.

பன்னிரண்டு வருஷமாகப் பூவராகவன் கேட்டு நடுங்கிய இருமல் அது.

பொட்டலம் பிரிக்கும் சத்தம். தயிர்ச்சோற்று வாசனை. பிறகு தாண்டவராயனின் குரல், அலுவலகத்தில் ஒருநாளும் கேட்டிராத பணிவோடு வந்தது.

“சாமி, கூட்டம் இல்லாத நாளாப் பார்த்து வந்திருக்கேன். நான் பின்தெருவுல வீடு கட்டறேன். தினம் மத்தியானம் வந்து பார்க்கலைன்னா மேஸ்திரி வெறும் மண்ணுலயே பூசிடறான். ஆபீஸுக்குத் தெரியாமத்தான் வரேன். பூவராகவன்னு ஒருத்தன் இருக்கான். நான் கெளம்பறப்ப எல்லாம் அவன் குடை நாற்காலிலயே தொங்குது. சீட்டை விட்டு வெளியவே போகாத ஆளு. நான் போறதையும் வரதையும் கவனிச்சு மேலிடத்துக்குச் சொல்லிடுவானோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. அவனை எங்கயாவது தூரமா மாத்திடட்டுமா, சாமி?”