பேஸ்போலில் நான் கொடுத்த சிக்ஸ்

விதிப்புத்தகத்தை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தவனை நடுவராக நிறுத்தக்கூடாது. மற்றவர்களைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. பேஸ்போல் விதிகளை, அதுவும் ஜெர்மன் மொழியில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்து வாசித்தவன் நான்தான். அதன் பலனாக என் ஒரே மகள் ஒன்பது நாட்கள் என்னோடு கதைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, ஜெர்மன் கதைக்கிற எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். வைத்தியசாலைத் துணிகளைத் தோய்த்து மடிக்கிற தொழிற்சாலையில் வேலை. கோடைகாலத்தில் நம்முடைய ஆட்கள் வைக்கும் கிரிக்கெட் போட்டிகளுக்கு நடுவராக நிற்பேன். பத்துப் பதினைந்து பேர் என் விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் ஒரே இடம் அதுதான். (வேலையில் மடிக்கிற மெஷினே என் சொல் கேட்பதில்லை. வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

மகள் அபிராவுக்கு அப்போது பதினாறு வயது. அவள் படித்த கிம்னாசியத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது என்று வீட்டில் தடை இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியர் ஹெர் கௌஃப்மான் ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, ஒரு மூட்டை கையுறைகளோடும் பேஸ்போல் பைத்தியத்தோடும் திரும்பி வந்தார். அபிரா அவருடைய அணியில் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதமே அந்த அணியில் அவளைப்போல் அடிக்க ஆளில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு படிவம் தந்தார்கள். போட்டி நாளில் நீங்கள் என்ன உதவி செய்யலாம் என்று அதில் ஒரு கேள்வி. எல்லோரும் "கேக்" என்று எழுதினார்கள். நான் "நடுவர், பதினான்கு வருட அனுபவம்" என்று எழுதினேன். எந்த விளையாட்டில் என்று படிவம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஹெர் கௌஃப்மான் தொலைபேசியில் அழைத்து, சந்தோஷத்தில் இரண்டு தரம் நன்றி சொன்னார். நான் தொலைபேசியை வைக்கும்போது அபிரா கதவடியில் நின்றாள்.

"அப்பா, கிரிக்கெட்டும் பேஸ்போலும் ஒண்டில்லை."

"தெரியும் பிள்ளை. அங்கை விக்கெட் இல்லை."

"அவ்வளவுதான் தெரியுமோ?"

என் மனைவி சுகந்தி குசினிக்குள் இருந்து தலையை நீட்டினாள். "இஞ்சரப்பா, கேக் எண்டு எழுதியிருந்தா நான் அடிச்சுத் தந்திருப்பனே!"

மானப் பிரச்சினையாகிவிட்டது. அன்றிரவே விதிகளை அச்செடுத்தேன். பேருந்தில் வாசித்தேன், சாப்பாட்டு இடைவேளையில் வாசித்தேன். பந்து வீசுபவர், அடிப்பவரின் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இடையில், அவர் முன்னால் நிலத்தில் பதித்த தளத்தகட்டின் மேலாக வீசினால் அது ஸ்ட்ரைக். அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக்தான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஆள் வெளியே. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் அதற்குப் பிறகு வருகிற விதிகளைப் பார்த்தால், அவற்றை எழுதியவர்கள் ஒருவரையொருவர் வெறுத்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு விதிக்கு நான்கு விலக்கு. ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு விளக்கம். விளக்கத்தின் கடைசியில், நடுவர் தன் அறிவைப் பயன்படுத்தவேண்டும் என்று ஒரு வரி. (அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கேக்கே எழுதியிருப்பேன்.)

கைச்சைகைகளை ஹெர் கௌஃப்மான் நேரில் சொல்லித் தந்தார். பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல்: இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தவேண்டும். ஆட்டத்தை நிறுத்துவதற்கும் அதே சைகைதான். கை உயர்ந்த அந்தக் கணமே பந்து செத்துவிடும். அதன் பிறகு யார் ஓடினாலும் கணக்கில்லை. பந்து எல்லையைத் தாண்டிப் பறந்தால் ஒரு விரலை மேலே தூக்கிச் சுழற்றவேண்டும். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். ஆனால் பதினான்கு வருடமாக, பந்து எல்லைக்கு மேலால் பறக்கும்போதெல்லாம் இரண்டு கையையும் தூக்கி "சிக்ஸ்" காட்டிப் பழகிய கைகள் என்னுடையவை. அவை கொப்பி வாசிக்கவில்லை.

போட்டி ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடத்து உதைபந்தாட்ட மைதானம்தான் களம். தூரத்தில் எல்லைக்குப் பதிலாக ஒரு செம்மஞ்சள் வலை கட்டியிருந்தார்கள். மகளின் ஆட்டத்துக்கு நான் நிற்பதாக இருக்கவில்லை. அதற்கென்று வேறொருவர் இருந்தார். காலையில் அவருக்கு நாரி பிடித்து, நிமிர முடியாமல் போய்விட்டது.

எதிரணியின் ஆசிரியை ஃபிராவ் ஓடர்மாட் உயரமான, அமைதியான பெண். அடிக்கப் போகிறவர்களில் ஒருத்தி என் மகள் என்று நானே போய் அவரிடம் சொன்னேன்.

"பரவாயில்லை," என்று சிரித்தார். "உங்களை நம்புகிறேன்."

அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு நான் நடுவராக நிற்கவில்லை. இந்த நாட்டிலேயே நேர்மையான தகப்பன் நான்தான் என்று நிரூபிக்க நின்றேன். பந்து ஒன்று உருண்டு யாரோ ஒருவரின் பைக்குள் புகுந்தபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, புத்தகத்தில் அதற்குரிய பந்தியைத் தேடினேன். பிள்ளைகள் புல்லில் இருந்து அப்பிள் சாப்பிட்டார்கள். ஒருவன் படுத்தே விட்டான். அபிரா தலையில் போட்டிருந்த ஹெல்மெட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைசிச் சுற்றுக்கு வந்தோம். மகளின் அணி ஒரு ஓட்டத்தால் பின்னால் நிற்கிறது. இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இரண்டு தளங்களில் அவர்களுடைய ஓட்டக்காரர்கள் காத்து நிற்கிறார்கள். நல்ல அடி ஒன்று விழுந்தால் இருவரும் ஓடி வந்து சேர, வெற்றி. அடிக்க வந்தவள் அபிரா.

ஒரு ஸ்ட்ரைக் போனது. அடுத்த பந்தை அவள் அடித்தாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? எனக்கு முன்னால், இரண்டு அடி தூரத்தில், என் பிள்ளையின் மட்டையில் அது கேட்டது. பந்து எழும்பி நடு மைதானத்துக்கு மேலால் நேராக அந்தச் செம்மஞ்சள் வலையை நோக்கிப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போகுது, போகுது, போய்விட்டது என்று என் நெஞ்சு சொன்னது.

என் இரண்டு கையும் மேலே போயின. நன்றாக நீட்டி, விரல்களெல்லாம் விரித்து, அழகான சிக்ஸ்.

பந்து வலையைத் தாண்டவில்லை. இரண்டு மீற்றர் முன்னால் புல்லில் விழுந்து உருண்டது. உள்ளேதான் விழுந்தது, கோட்டுக்கு எவ்வளவோ உள்ளே. அது அருமையான அடி. ஆனால் ஹெர் கௌஃப்மான் தன் பிள்ளைகளை நன்றாகப் பழக்கியிருந்தார். நடுவரின் கை இரண்டும் மேலே போனால் நில் என்று சொல்லியிருந்தார். நின்றார்கள். ஓட்டம் முடிகிற வீட்டுத்தளத்துக்கு வந்துகொண்டிருந்த பையன் பாதியில் நின்றான். பந்தைப் பொறுக்கப்போன எதிரணிப் பிள்ளை குனிந்தபடி நின்றது. மைதானம் முழுவதும் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது. கையை இறக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஹெர் கௌஃப்மான் மெதுவாக நடந்து வந்தார். "என்ன காட்டினீர்கள்? ஃபவுலா, ஆட்டத்தை நிறுத்தினீர்களா?"

"சிக்ஸ்," என்றேன்.

"ஆறா?" அவர் மரியாதையாகக் கேட்டார். "என்ன ஆறு?"

கிரிக்கெட் என்ற சொல்லை அன்றுதான் நான் அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது ஃபிராவ் ஓடர்மாட் வந்தார். "இது பள்ளிக்கூட ஆட்டம்தானே," என்றார். "பந்து உள்ளே விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். இரண்டு ஓட்டத்தையும் கொடுத்துவிடுவோம். அவர்கள் வென்றதாகவே இருக்கட்டும்." அவருடைய பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவன் அபிராவைப் பார்த்துக் கைதட்டவும் தொடங்கிவிட்டான்.

அந்த இடத்தில் "நன்றி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் பின்பொக்கெற்றில் இருந்து புத்தகத்தை எடுத்தேன்.

நடுவர் கையை உயர்த்திவிட்டால் பந்து செத்தது, அதன் பிறகு நடந்த எதுவும் செல்லாது என்ற பந்தியை எம்மன்புரூக்கேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவான என்னுடைய ஜெர்மனில் சத்தமாக வாசித்தேன். பிறகு தீர்ப்பு: அது ஃபவுல். ஃபவுலும் ஸ்ட்ரைக்காகவே எண்ணப்படும், ஆகவே அபிராவுக்கு இரண்டாவது ஸ்ட்ரைக். எல்லோரும் பழைய இடத்துக்குப் போகவேண்டும்.

அபிரா கிட்ட வந்தாள். வெளியிடங்களில் என்னோடு தமிழ் கதைக்காதவள், அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அவை தாறம் எண்டு சொல்லினம். வாங்குங்கோ. ப்ளீஸ்."

"மைதானத்திலை நான் அப்பா இல்லை," என்றேன். "நடுவர்."

(இந்த வசனத்தை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.)

அவள் திரும்பிப் போய் மட்டையைப் பிடித்தாள். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு பின்னால் குனிந்தேன். பேஸ்போல் முகமூடியில் ஒரு குறை உண்டு: உள்ளே கண் கலங்கினால் துடைக்க வழியில்லை. அவளுடைய முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பந்து வந்தது. அபிரா மட்டையை வீசவில்லை. பந்து கையுறைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அது முழங்காலுக்கு மேலாக வந்ததா, கீழாக வந்ததா, எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. மகளுக்குச் சாதகமாகச் சொன்னான் என்று ஒருவரும் நினைத்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

"ஸ்ட்ரைக் த்ரீ!" என்று கத்தினேன். ஆட்டம் முடிந்தது.

அபிரா திரும்பி என்னைப் பார்த்தாள். "பந்தைப் பாத்தனீங்களோ?"

"ஓம்," என்றேன்.

அன்றைக்கு நான் செய்த பிழைகளை வரிசைப்படுத்தினால் சிக்ஸ் கடைசியில்தான் வரும். முதலாவது இந்த "ஓம்".

ஃபிராவ் ஓடர்மாட் வந்து என் கையைக் குலுக்கினார். "மிகவும் கொரெக்ட்டாக நடந்துகொண்டீர்கள்," என்றார். இந்த நாட்டில் ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது. வந்த நாள் தொடங்கி யாராவது என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன். கிடைத்தபோது நான் முகமூடியைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

அபிரா சிநேகிதிகளோடு போய்விட்டாள். நானும் சுகந்தியும் பேருந்தில் திரும்பினோம். இரண்டு நிறுத்தம் வரைக்கும் சுகந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவதில் கேட்டாள்: "ஆரப்பா உங்களிட்டை நீதி கேட்டது?"

என் கை தானாகப் பின்பொக்கெற்றுக்குப் போனது. அந்த நூற்றுச் சொச்சப் பக்கத்தில் அதற்கொரு பந்தி இல்லை.

அதன் பிறகு ஒன்பது நாள். மகள் தேவையான சொற்களைத் தாயிடம் சொன்னாள். தாய் எனக்குச் சொன்னாள். நான் அவளுடைய அறைக் கதவுவரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தால், சிக்ஸுக்குக் கேட்பதா, புத்தகத்துக்குக் கேட்பதா, அந்த "ஓம்" என்ற சொல்லுக்குக் கேட்பதா என்று குழம்பிப்போவேன். வேலையில் ஒருநாள் படுக்கை விரிப்புகளைத் தலையணை உறைகளோடு கலந்து அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பின்னேரம். அபிரா மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மேல் தட்டில் இருந்த பெரிய மிளகாய்த்தூள் போத்தலை எடுப்பதற்காக இரண்டு கையையும் மேலே தூக்கினேன். பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், அபிராவின் கை வாய்க்குப் பாதி வழியில், இடியப்பம் தொங்கத் தொங்க, அப்படியே நிற்கிறது.

"என்ன பிள்ளை?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"பந்து செத்துப்போச்சு அப்பா," என்றாள், முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல். "நீங்கள் கையை இறக்கினாத்தான் நான் சாப்பிடலாம்."

சுகந்தி சிரித்த சிரிப்பில் சொதிச் சட்டி ஆடியது. நான் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் போய் இருந்தேன்.

"அண்டைக்கு நான் அந்தக் கடைசிப் பந்தைப் பாக்கேல்லை பிள்ளை. பொய் சொன்னனான்."

"தெரியும்," என்றாள். "உங்கடை முகமூடி என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தது."

கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு, "அது ஸ்ட்ரைக்தான் அப்பா. நான் கோவத்திலை அடிக்கேல்லை," என்றாள். அது உண்மையா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. நான் திரைச்சீலை மாட்டினால், சோம்பல் முறித்தால், விமான நிலையத்தில் சோதனைக்காகக் கையைத் தூக்கச் சொன்னால், தாயும் மகளும் இருந்த இடத்தில் சிலையாகிவிடுவார்கள். ஒருதரம் எங்களுக்குப் பின்னால் முழு வரிசையும் நின்றுபோய், உத்தியோகத்தர் என்ன பிரச்சினை என்று கேட்டார். "இவர் ஃபவுல் குடுத்திட்டார்," என்று அபிரா அவருக்கு ஜெர்மனில் விளங்கப்படுத்தினாள். அவர் எங்கள் பைகளை இன்னொரு தரம் சோதித்தார்.

இப்போது அவள் பேர்ண் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன கோடையில் கோயில் தேருக்கு வந்திருந்தாள். தேர் அசைந்ததும் சனம் முழுவதும் தலைக்கு மேலே கைகூப்பி அரோகரா என்று முழங்கியது. நானும் உருகிப்போய்க் கையைத் தூக்கினேன். அபிரா என் காதடியில் வந்து, "அப்பா, இண்டைக்குக் கோயில் முழுக்க ஃபவுல்," என்றாள்.

சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் கையைச் சட்டென்று இறக்கினேன். திரும்பிப் பார்த்தால், அருச்சனைத் தட்டோடு ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்ற சுகந்தி அப்போதுதான் நடக்கத் தொடங்கினாள்.