குளிரில் நிற்கும் பெட்டி

“கார்ட் கொண்டுவந்து கையிலை தந்து கூப்பிடத் தெரியாதே உனக்கு?”

“வாட்ஸ்அப்பிலை அனுப்பினனான்தானே அக்கா. எல்லாருக்கும் அப்பிடித்தான் அனுப்பினது.”

“எல்லாரும் உனக்கு அக்காவோ?”

தம்பி தில்லைநாதன் தன் மகளின் பூப்புச் சடங்கான சாமத்திய வீட்டுக்கு அழைப்புச் சொன்ன விதம் பற்றிய அந்தப் பேச்சுத்தான் தங்கேஸ்வரி அவனோடு கடைசியாகக் கதைத்தது. அதற்குப் பிறகு நோர்வேயில் அவர்கள் குடியிருந்த ரொம்சோஸ் பகுதிக் கடையில் ஒரே கூடையில் கத்தரிக்காய் பொறுக்கினாலும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான் பொறுக்கினார்கள்.

இப்போது அவளுடைய வேலையே அவன் கையில் இருந்தது.

மரப்பலகை ஒட்டும் பசை செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றுக்கு இரசாயனங்களை எடுப்பிப்பது தங்கேஸ்வரியின் பொறுப்பு. பசையை இறுகச் செய்யும் திரவம் ஒரு கொண்டெய்னர் பெட்டி நிறைய வந்து துறைமுகத்தில் நின்றது. ஆபத்தான சரக்கென்று தனிக் கட்டணம். நிற்கிற நாளுக்கு வாடகை. நாள் போகப் போக வாடகையும் ஏறும். அங்கே எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது, எதை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும் மேசையில்தான் தில்லைநாதன் இருந்தான்.

“வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து வருகிறார்கள்” என்றார் மேலாளர் ஆன்ட்ரியாஸ், திங்கட்கிழமை காலை. “துறைமுகச் செலவே இலாபத்தைத் தின்கிறது என்று ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். அன்றைக்கு இயந்திரமும் நின்றிருந்தால் இந்த இடத்தைப் பூட்டிவிடுவார்கள்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் நேரே கணினிக்கு முன்னால் போய் இருந்தாள்.

லொறி வியாழக்கிழமைக்குப் பதிவாகியிருந்தது. பயத்தில் அதைப் புதன்கிழமைக்கு மாற்றினாள். கணினி உடனே பதில் சொன்னது: மாற்றம் பதிவாகியது, பெட்டி அடுக்கின் அடியில் உள்ளது, புதன்கிழமை உறுதியில்லை.

வீட்டில் கணவன் இரவீந்திரன் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான். “நீர் ஒருக்கா அவனோடை கதைச்சால் என்ன?”

“நானோ? வேலை போனாலும் பரவாயில்லை.”

“வேலை போனால் வீட்டுக்கடனை ஆர் கட்டுறது?”

அந்த இரவு அவள் நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும், இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்று பெயர் வாங்கிய முகவர் நிறுவனம் ஒன்றிடம் காரியத்தை ஒப்படைத்தாள். முகவர் பழைய பதிவை இரத்துச் செய்து, அவசரக் கட்டணத்தோடு புதிதாகப் பதிந்தார். புதிய பதிவென்பதால் பெட்டி வரிசையில் இன்னும் பின்னுக்குப் போனது.

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் எமிலி மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள். “அக்கா, இந்தக் குளிருக்கை அந்தத் திரவம் கனநாள் நிண்டால் கட்டிப்பட்டுப் போகும். பிறகு எறியத்தான் ஏலும். நான் அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன். காணாமல் போனதை எல்லாம் எடுத்துத் தருவார்.”

“அது காணாமல் போகேல்லை எமிலி. எங்கை நிக்குதெண்டு எல்லாருக்கும் தெரியும். எடுக்கத்தான் ஏலாமல் கிடக்கு.”

கட்டிப்படும் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கணினிக்குத் திரும்பினாள். பெட்டியைச் சூடான கொட்டகைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்தாள். ஆபத்தான சரக்குக்குச் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான், அதற்கும் வரிசை. இப்போது பெட்டி இரண்டு வரிசைகளில் கடைசியாக நின்றது. இரண்டுக்கும் வாடகை ஏறியது.

கடைசியில் துறைமுகத்துக்கே தொலைபேசி எடுத்தாள். எடுத்தவன் தம்பி. குரல் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் முன்பின் கண்டறியாதவர்கள் போல நோர்வேஜிய மொழியில் கதைத்தார்கள்.

“உங்கள் பெயர்?”

“தங்கேஸ்வரி இரவீந்திரன்.”

“எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

“நன்றி. உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீங்கள் தினமும்…”

“தேவையில்லை. நல்ல நாளாக அமையட்டும்.” வைத்துவிட்டாள்.

“என்ரை பேரை எழுத்துக்கூட்டச் சொல்றான் எமிலி. அவனை நான் ஊஞ்சல் ஆட்டி வளத்தனான்.”

வியாழக்கிழமை காலை தொழிற்சாலையில் அந்தத் திரவம் வைக்கும் தாங்கியின் அடி தெரிந்தது. பின்னேரம் வரைதான் தாங்கும் என்றார்கள். ஆன்ட்ரியாஸ் தன் அறைக் கதவை மூடிக்கொண்டு யாரோடோ தொலைபேசியில் கதைத்தார். கண்ணாடி வழியே ஒருமுறை அவளைப் பார்த்தார். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள்.

பேருந்தில் இருந்தபடியே, பதிந்த லொறிக்காரன் ஏமாற்றிவிடுவானோ என்று பயந்து அவனை இரத்துச் செய்து வேறொருவனைப் பதிந்தாள்.

துறைமுகத்து வாசலில் காற்று முகத்தை அறுத்தது. வேலிக்கு அப்பால் பெட்டிகள் மாடிவீடுகள் போல அடுக்கியிருந்தன. இவற்றில் எதற்கடியில் தன்னுடைய பெட்டி உறைந்துகொண்டிருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தாள். இருபது குடும்பத்தின் சோறு அதற்குள் இருந்தது.

செம்மஞ்சள் ஜாக்கெட்டும் தலைக்கவசமுமாக ஒருவன் உள்ளேயிருந்து ஓடி வந்தான். தில்லைநாதன்தான். மூச்சு வாங்கியது. மீசையில் பனி.

அவள் சொல்ல நினைத்து வந்தது நிறைய. வாயில் வந்தது இவ்வளவுதான்.

“தம்பி, அந்தப் பெட்டியை ஒருக்கா எடுத்துத் தா ராசா. எனக்குப் பயமாக் கிடக்கு.”

அவன் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. அவள் கையிலிருந்த தொலைபேசியில் நின்றது. இரண்டு கையையும் கூப்பினான்.

“திங்கக்கிழமை தொடக்கம் ஒவ்வொரு காலமையும் முதல் வேலையா உங்கடை பெட்டியைத்தான் மேலை எடுத்து வைக்கிறனான். நான் கோப்பி குடிக்க முதல் நீங்கள் எதையாவது மாத்திப்போடுவியள்; கணினி அதைத் திருப்பி அடியிலை போட்டிடும். இப்பவும் எடுத்து வைச்சிட்டுத்தான் ஓடி வாறன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன் அக்கா, இனி ஒண்டுமே செய்யாதேங்கோ.”