செல்லின் பசி அறிந்தவர்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பழம் வாங்கி வருகிறவர் உண்டு, மூக்கைச் சிந்திவிட்டுப் போகிறவர் உண்டு. நாம் இங்கே பார்க்கப்போவது சமையலறையைச் சோதனை போட வருகிறவரை. புற்றுநோய் என்று காதில் விழுந்தால் போதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "எண்ணெய் எங்க இருக்கு?" என்பார்.

புற்றுநோய் வந்த எங்கள் மாடி வீட்டுத் தையற்காரம்மாவுக்கு வாய்த்தவர் அவருடைய கொழுந்தனார். தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பது. ஆனால் புற்றணுவின் அந்தரங்கம் முழுவதும் அவருக்கு அத்துப்படி. எப்படி? ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் தலைப்பைப் படித்திருக்கிறார்.

"அண்ணி, கிரீஸ் இல்லாம லிஃப்ட் ஓடுமா? அந்த கேன்சர் செல்லும் அப்படித்தான். கொழுப்பைத் தின்னுதான் வளருது. எலிக்கே நிரூபிச்சுட்டாங்க!"

எந்த எலி, எந்தக் கொழுப்பு, எந்தப் புற்று என்று கேட்டுவிடாதீர்கள். அதெல்லாம் கட்டுரைக்குள்ளே இருக்கிற சமாசாரம். அன்றைக்கே வெண்ணெய் போயிற்று, சமையல் எண்ணெய் போயிற்று, முட்டையின் மஞ்சள் கரு போயிற்று, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் போயிற்று, கடைசியில் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயும் 'எதற்கு வம்பு' என்று அவர் பையோடு போயிற்று. அடுத்த வாரம், "செல்லு உஷாராயிடுச்சு, இப்ப இனிப்புக்கு மாறியிருக்கும்" என்று சர்க்கரை டப்பாவைத் தூக்கினார். அந்த வீட்டில் 'வெண்ணெய்' என்ற சொல்லைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. செல்லின் காதில் விழுந்துவிட்டால்?

செல் பட்டினி கிடந்ததோ இல்லையோ, தையற்காரம்மா கிடந்தார். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர், தொளதொளத்துப்போன தன் சட்டைகளையே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சத்தமே போட்டுவிட்டார்: "எடை இன்னும் குறைஞ்சா அடுத்த மருந்து ஏத்த முடியாதும்மா. வாய்க்குப் பிடிச்சதைச் சாப்பிடுங்க!" அதைக் கேட்டதும் என் வீட்டு வெண்ணெயை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

முட்டை வாணலியில் பொரிகிற நேரம் பார்த்து வந்து நின்றார் கொழுந்தனார்.

"ஐயோ அண்ணி! அதுக்கு இதுன்னா உயிரு!"

தையற்காரம்மா முட்டையைத் தட்டில் எடுத்து வைத்தார்.

"அதுக்கு என்ன பிடிக்கும், எப்பப் பசிக்கும், எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க தம்பி. எனக்குப் பசிக்குதான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கொழுந்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு காலியாயிற்று.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால், "எல்லாம் சரி, எந்த எண்ணெய்தான் நல்லதென்று இதை எழுதுகிறவர் கடைசியிலாவது சொல்லுவார்" என்று உங்களுக்குள் ஒரு நப்பாசை ஓடிக்கொண்டிருந்ததே, அதைத் தெரிந்துகொண்டு யார் வீட்டுக்குப் புறப்படுவதாக உத்தேசம்?