ஏற ஏறப் பருத்த பலூன்

"மாமா, பலூன் என் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுது" என்றான் வில்ஃபிரெடோ.

ஃபெர்மின் காரை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தான். கீழே கொரோய்க்கோ ஊரில் ஏற்றியபோது பின் சீட்டில் அடக்கமாக உட்கார்ந்திருந்த கறுப்புப் பலூன், மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு வந்ததும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. கணவாய்க்கு இன்னும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏற வேண்டும். அதற்கப்புறம்தான் வீடு இருக்கும் லா பாஸுக்கு இறக்கம்.

வெறும் பலூன் என்றால் கவலையில்லை. ஃபெர்மினுக்குப் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்ற ரகசியம் அதற்குள் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை. ஸ்கேன் எடுத்தபோது அவன் மனைவி நிக்கோலாசா திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாத்தையும் எழுதிக் கவர்ல போட்டு ஒட்டிக் குடுங்க டாக்டர், வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். லா பாஸில் ரகசியம் காக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அவள் கட்சி. அதனால் கவர், கொரோய்க்கோவில் பலூன் கடை வைத்திருக்கும் அவள் அக்கா எர்மினியாவுக்குப் போனது. ஆண் என்றால் நீலப் பொடி, பெண் என்றால் ரோஸ் பொடி. மூன்று மணிக்கு நாற்பது விருந்தாளிகள் முன்னால் நிக்கோலாசாதான் ஊசியால் குத்துவாள்.

"எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சுதுன்னா, பிள்ளைக்கு எங்கப்பா பேருதான்" என்று வேறு மிரட்டியிருந்தாள். அப்பா பெயர் எபிஃபானியோ. பெண்ணாக இருந்தாலும் விடமாட்டாளாம், எபிஃபானியாவாம்.

"வழியில யாராவது காத்தடிச்சாங்களா மாப்ள?"

வில்ஃபிரெடோ நிக்கோலாசாவின் தம்பி. லா பாஸில் டயர் கடை வைத்திருக்கிறான். காற்றைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்குக் கால் தரையில் பாவாது.

"உள்ள இருக்கிறது அதே காத்துதான் மாமா, ஒரு பொட்டு கூடல. மேல போகப் போக வெளியில இருந்து அமுக்குற காத்து குறையுது. அமுக்க ஆளில்லேன்னா உள்ள இருக்கிறவன் காலை நீட்டிப் படுப்பான்ல?"

"அதான் உங்கக்கா வயிறும் அப்படி இருக்கா? அஞ்சு மாசம்தான். பார்க்கிறவங்க எட்டா ஒம்பதான்னு கேக்குறாங்க."

"வேறென்ன. கீழ ஊர்ல பொறந்த உடம்பு, உசரத்துல உப்பத்தான் செய்யும்."

ஃபெர்மினுக்கு நிம்மதியாக இருந்தது. பலூன் கிறீச்சென்று முனகியதும் அந்த நிம்மதி போய்விட்டது.

"கொஞ்சம் காத்தை இறக்கிடுவோம்" என்று வில்ஃபிரெடோ முடிச்சை அவிழ்த்தான். புஸ்ஸென்று ஒரு மேகம் கிளம்பி ஃபெர்மினின் முகத்தில் அப்பியது. நீலம்.

வண்டி ஓரமாக நின்றது. "பையன்டா மாப்ள. எனக்குப் பையன்" என்று ஃபெர்மின் மச்சினனைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும்தான் எபிஃபானியோ ஞாபகம் வந்தது. ஓடையில் முகத்தைக் கழுவினான். பொடி கரைந்து காது வரைக்கும் பரவியது.

"குளிருதுன்னு சொல்லி மப்ளரைச் சுத்திக்குங்க மாமா" என்றான் வில்ஃபிரெடோ, பலூனை மறுபடி கட்டிக்கொண்டே.

கணவாய் உச்சியில் பலூன் மறுபடியும் உருண்டு திரண்டு, இந்தத் தடவை கியர் மேலேயே ஏறி உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்று அவிழ்த்தார்கள். வில்ஃபிரெடோவின் மீசை ரோஸ் ஆனது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன மாப்ள இது?"

"பெரியக்கா நேத்து வேற யாருக்கோ அடிச்ச மிச்சம் கலந்துடுச்சு போல."

எர்மினியாவைக் கேட்கலாம் என்றால் அந்த உச்சியில் சிக்னல் இல்லை. சற்றுத் தள்ளி லாரி டிரைவர்கள், வழி நல்லபடியாக அமைய வேண்டும் என்று பூமித்தாய்க்குத் தரையில் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஃபெர்மின் முடிவெடுத்தான். "நீலம்தான் முதல்ல வந்துச்சு. அதான் நிஜம். ரோஸைத் தூக்கிப் போடு."

பலூனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி உதறினார்கள். ரோஸ் பொடி மொத்தமும் காணிக்கையாகச் சாராயத்தோடு மண்ணில் சேர்ந்தது. சீட்டில் கிடந்த நீலத்தை வழித்து உள்ளே போட்டு, வெடித்துவிடுமோ என்ற பயத்தில் முக்கால் அளவுக்கே வண்டியிலிருந்த பம்பால் காற்றடித்தார்கள்.

லா பாஸில் இறங்குவதற்குள் பலூன் வதங்கித் தொங்கியது.

"காத்து எங்க மாப்ள போச்சு?"

"எங்கயும் போகல. இறங்க இறங்க வெளிய அமுக்குறவன் திரும்ப வந்துட்டான்."

டயர் கடையில் மறுபடி அடித்தார்கள். எர்மினியாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. விருந்துக்குக் கிளம்பி அவளும் இப்போது கணவாயில் இருந்தாள்.

மூன்றரைக்கு நிக்கோலாசா வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஊசியோடு வந்தாள். "எதுக்கு இந்த மப்ளர்?" என்று கேட்டுக்கொண்டே குத்தினாள். வீடெங்கும் நீலம். ஃபெர்மின் அவசரமாக மப்ளரைக் கழற்றி, மற்றவர்களோடு சேர்ந்து நீலமானான். எபிஃபானியோவிடமிருந்து பிள்ளை தப்பித்தது. பேண்டு வாசிக்க ஆரம்பித்தது, நிக்கோலாசா அழுதுகொண்டே சிரித்தாள்.

"அஞ்சு மாசத்துக்கு வயிறு ரொம்பப் பெருசா இல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உசரம்ங்க" என்றான் ஃபெர்மின், பெருந்தன்மையாக. "உள்ள இருக்கிறது அதேதான். வெளியில அமுக்குறது குறைஞ்சா எல்லாமே உப்பும்."

அப்போதுதான் எர்மினியா பையும் கையுமாக உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தம்பியின் மீசையில் ஒட்டியிருந்த ரோஸைப் பார்த்தாள்.

"நீலம் அண்ணனுக்கு" என்றாள். "தங்கச்சியை எந்த வளைவுல இறக்கி விட்டுட்டு வந்தீங்க ரெண்டு பேரும்?"