நன்றியுரையைத் தடுமாறாமல் வாசித்த குற்றம்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நம் உயர்நிலைப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்குத் திரைச்சீலை இளம்பச்சையில்தான் இருக்க வேண்டும் என்று பள்ளிக் குழு பலமுறை கூடி ஒருமனதாக முடிவெடுத்துவிட்டது. இங்கே யாவரும் நலம். உங்கள் தங்கை மட்டும் உங்கள் பேச்சை எடுத்தால் பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைக்கிறாள்.

குழுவின் தலைவர் நீங்கள்தான் என்றாலும், திரைச்சீலைத் திறப்பு விழாவில் கண்மூடி ஆழ்ந்த யோசனையில் இருந்தீர்கள். ஆகவே விட்டுப்போனதை எழுதுகிறேன். எங்கள் மகள் பாப்பாவுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும் என்பதும், ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவள் பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் பேருந்து போய்விடும் என்பதும் நீங்கள் அறிந்ததே. சிறப்புக் கல்வி டீச்சர் வந்த பிறகுதான் வரிக்கடியில் அட்டையை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினாள். நிதி தந்தவர்களுக்கு அவளே நன்றியுரை வாசிக்கட்டும் என்று சொன்னது என் வாய்தான். முதல் மேடையாயிற்றே என்று பயந்து, அந்த ஒரு பக்கத்தை வாரக்கணக்கில் உருப்போட்டாள். விழாவில் மடமடவென்று வாசித்தாள். நானும் கைதட்டினேன், மடையன்.

உடனே பொருளாளர் எழுந்தார்.

"பொண்ணு இவ்வளவு நல்லாப் படிக்குதே, அப்புறம் எதுக்குங்க தனி டீச்சர்?"

"அது மனப்பாடம் சார்!" என்றேன் நான். "பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாளே, பாக்கலையா?"

"தலைகீழாவே இந்தப் படிப்பு படிக்குதுன்னா, நேராப் பிடிச்சா நம்மையே தூக்கிச் சாப்பிட்டுடுமே!"

டீச்சருக்கான நிதியை நிறுத்தி, திரைச்சீலைக்குப் பித்தளைக் கம்பி போடுவதென்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. அப்போது உங்கள் தலையும் ஆடியது. சம்மதத்திலா, தூக்கத்திலா என்று குறிப்பெடுத்தவர் விசாரிக்கவில்லை. மச்சான், விளையாட்டில்ல, இப்பத்தான் புள்ளை நாலு வரி சொந்தமாப் படிக்குது. அந்தம்மா போயிட்டா மறுபடியும் புத்தகத்தை மூடி வெச்சிடும். கூப்பிட்டு இன்னொரு தடவை சோதிச்சுத்தான் பாருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

உங்கள் உடல்நலமும் உறக்கமும் குறைவின்றி நீடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: இதை அஞ்சலில் சேர்ப்பதற்குள், நீங்களே சொல்லி மறுசோதனை நடத்திவிட்டதாகச் செய்தி வந்தது. மிக்க நன்றி. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். புதிய தாள் அச்சடிக்க நிதி இல்லாததால் அதே நன்றியுரையைக் கொடுத்தார்களாம். பாப்பா ஓர் எழுத்துக்கூடத் தடுமாறவில்லை.