நாற்பத்தொன்றாவது முளை

இந்த வருஷம் ஒனோதெராவின் முகத்தில் கரியைப் பூசியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முடிவெடுத்த இடம் குளியல் தொட்டி. தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வீரம் வருவதே வெந்நீரில்தான். வெளியே வந்து துண்டைக் கட்டியதும் போய்விடும். இந்த முறை துண்டு கட்டிய பிறகும் இருந்தது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் கிபோஷிச் செடியின் இலைப் போட்டி நடக்கும். வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்த இலையைக் கொண்டுபோனால் அளவு நாடா வைத்து அகலம் பார்ப்பார்கள். அடுத்த வீட்டு ஒனோதெரா ஆறு வருஷமாக முதல் பரிசு. நான் ஆறு வருஷமாகக் கைதட்டுகிறேன். இந்த யமகத்தா மலை இடுக்கில் ஒரு மனிதன் தலைநிமிர்ந்து நடக்க வேறு வழி கிடையாது.

என் மனைவி யசுனோவுக்கு இது புரியாது. இலையாக விரிந்தால்தான் அது கிபோஷி. விரியாமல் முளையாக இருக்கும்போது அதன் பெயர் உருய். அறுத்துத் தின்பார்கள்.

"திங்கிற பொருள போயி நாடா வச்சு அளக்கிறீங்களே, வெக்கமா இல்ல? சோத்தயும் அளந்து பாப்பீங்களா?"

"யசுனோ, இது கலை."

"கலைக்கு வினிகர் ஊத்தினா நல்லா இருக்கும்."

இவளிடம் பேசிப் பயனில்லை. பெரிய இலை வேண்டுமானால் பெரிய தூர் வேண்டும். பெரிய தூர் மலையில்தான் இருக்கும். நான் தோண்டுவதை யாரும் பார்க்கக்கூடாது. எங்கள் மலையில் ஆளே இல்லாத நாள் மாதத்தில் ஒன்றுதான். பன்னிரண்டாம் தேதி.

அன்றைக்கு மலைத்தேவி தன் மரங்களை எண்ணுவாள். மலையில் ஆண்பிள்ளை யாராவது நின்றால் அவனையும் மரம் என்று சேர்த்து எண்ணிவிடுவாள். எண்ணப்பட்டவன் வீடு திரும்பமாட்டான். அவள் அழகில்லாதவள், கோபக்காரி, சொன்ன சொல்லை மீறினால் சும்மா விடமாட்டாள். அதனால் எங்கள் ஊர் ஆண்கள் தத்தம் மனைவியையும் மலைத்தேவி என்றுதான் சொல்வோம். காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

ஏப்ரல் பன்னிரண்டு காலை யசுனோ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அவள் அக்கா மாசா வீட்டுக்குக் கிளம்பினாள். நான் மண்வெட்டியோடு மலைக்குக் கிளம்பினேன்.

நிழல் விழுந்த இடங்களில் இன்னும் பனி கிடந்தது. மூடுபனி இடுப்புவரை. பாதையை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, எந்தக் காலடித் தடமும் இல்லாத ஒரு பள்ளத்தில் அதைப் பார்த்தேன். குளியல் தொட்டி அகலத்துக்கு ஒரே தூர். கட்டைவிரல் தடிமனில், வெளிறிய பச்சையில், கூர் கூராக முளைகள். தோண்ட ஆரம்பித்தேன்.

தோண்டி முடித்து மூச்சு வாங்க நின்றபோதுதான் ஓடையின் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"…முப்பத்தேழு… முப்பத்தெட்டு…"

பெண் குரல். வயதும் தெரியவில்லை, திசையும் தெரியவில்லை. விருந்து முடிந்து தட்டுகளை எண்ணி அடுக்குகிறவள் போல நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் நின்றேன். அதுதான் தப்பு. அசையாமல் நிற்பதுதானே மரம்.

"…முப்பத்தொம்பது… நாப்பது…"

ஒரு இடைவெளி. என் பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"நாப்பத்தொண்ணு."

தூரை முதுகில் எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. வீடு வந்து சேர்ந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. வடக்குப் பக்கத்து நிழலில் தூரை நட்டேன். தண்ணீர் ஊற்றினேன். பிறகு முளைகளை எண்ணினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பதுதான். அவள் எண்ணியது நாற்பத்தொன்று. மீதி ஒன்று எது என்று யோசித்தபடி என் பிடரியைத் தடவிப் பார்த்தேன்.

மாலையில் யசுனோ வந்தாள். தூரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இத எங்க எடுத்தீங்க?"

"அதையெல்லாம் கேக்கக்கூடாது."

எங்கள் ஊரில் மலைக்கீரை பறிக்கிற இடத்தை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அப்பா பிள்ளைக்குச் சொல்லமாட்டார். புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டான். இருபத்திரண்டு வருஷமாக யசுனோ வசந்தம் வந்தால் கூடை நிறைய உருய் கொண்டுவருவாள். எங்கே என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பது அநாகரிகம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்கவேண்டும்.

"இன்னிக்கு என்ன தேதிங்க?"

"பன்னண்டு."

"பன்னண்டாந்தேதியா மலைக்குப் போனீங்க! ஏங்க, சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திருப்பிப் பிடரியைப் பார்த்தாள்.

"எண்ணிட்டா" என்றாள்.

"இப்ப என்ன பண்றது?"

"அவ கணக்குல நீங்க செடி. வந்து எடுத்துக்குவா. வெயில் ஏறுற வரைக்கும் வடக்குப் பக்கம் போகாதீங்க. சன்னலத் தொறக்காதீங்க. முக்கியமா, எங்கயும் சும்மா நிக்காதீங்க. நின்னா மரம், நடந்தா மனுஷன்."

"எவ்ளோ நேரம் நடக்கிறது?"

"நடக்கவேணாம். அந்தத் தாழ்வாரத்தத் தொடைங்க. அதுவும் அசையிறதுதான்."

தாழ்வாரம் துடைத்தேன். பாத்திரம் கழுவினேன். மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டினேன். கை ஓய்ந்தால் பிடரி சில்லிட்டது. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு மணி. மூடுபனி சன்னல் காகிதத்தை ஒட்டி நின்றது. யசுனோ அடுப்படியில் இருந்தாள் என்று நினைக்கிறேன். வடக்குப் பக்கத்திலிருந்து கேட்டது.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நின்றுவிடக்கூடாது என்பதற்காகக் கால் விரல்களை மட்டும் ஆட்டினேன். குரல் ஆறு வரை போய் நின்றது. வெயில் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். ஆறு முளைகள் இல்லை. சுத்தமான வெட்டு, நகத்தால் கிள்ளியதைப் போல. சுற்றிலும் ஈர மண்ணில் ஒரு மிருகத்தின் கால்தடம்கூட இல்லை. யாரோ மண்ணைத் தடவிச் சமப்படுத்தியிருந்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் யசுனோ. "ஒண்ணொண்ணா எடுக்கிறா. நாப்பது முடிஞ்சாத்தான் நாப்பத்தொண்ணு."

"யசுனோ, அப்படிச் சொல்லாத."

"சாப்பிடுங்க. தெம்பு வேணுமில்ல."

மதியம் உருய். அவித்து, வினிகரும் மிசோ விழுதும் கலந்து, வழவழவென்று. அந்த ருசி மட்டும் இல்லாவிட்டால் அந்த மாதத்தில் நான் செத்திருப்பேன். ஒரு நாள் சூப்பில், ஒரு நாள் எண்ணெயில் பொரித்து, ஒரு நாள் பச்சையாக உப்புத் தொட்டு. பயந்தவனுக்குப் பசி அதிகம். மூன்று கிண்ணம் சோறு இறங்கியது. எங்கே பறித்தாள் என்று கேட்கவில்லை. நான் நாகரிகமானவன்.

முளைகள் குறைந்துகொண்டே வந்தன. இருபத்தெட்டு. பத்தொன்பது. பதினொன்று. வேலிக்கு அந்தப் பக்கம் ஒனோதெரா எட்டிப் பார்த்தான்.

"இகராஷி அண்ணே, உங்க செடி நாளுக்கு நாள் எளைக்குதே?"

"மலைத்தேவி எடுத்துட்டுப் போறா, ஒனோதெரா."

"எங்க வீட்டு மலைத்தேவி என் சாக்கே பாட்டிலத்தான் எடுத்துட்டுப் போவா. ஏண்ணே, பேசும்போது எதுக்கு ஆடிக்கிட்டே இருக்கீங்க?"

"நின்னா மரம்."

அவன் மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

நான்கு முளைகள் மிச்சம் இருந்தபோது, குளியல் தொட்டியில் மறுபடி வீரம் வந்தது. பேசி முடித்துவிடலாம். மலைத்தேவிக்குப் பிடித்தது ஒகோசே மீன். கடலிலேயே அவலட்சணமான மீன் அதுதான். தன்னைவிட அவலட்சணமான ஒன்றைப் பார்த்தால் அவள் மனம் குளிர்ந்துவிடுமாம். காய்ந்த ஒகோசே ஒன்றை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குரல் கேட்டதும், அழாத குறையாக வடக்குப் பக்கம் போனேன். மூடுபனிக்குள் வெள்ளையாக ஒன்று குந்தியிருந்தது. தலை இல்லை, முகம் இல்லை. ஒரு கை மட்டும் தரையோடு தரையாக நகர்ந்தது. கையில் அரிவாள்.

"தாயே!" என்று மண்ணில் விழுந்து மீனை நீட்டினேன். "என்ன விட்டுடு!"

வெள்ளை உருவம் திரும்பியது.

"ஏங்க, மீன அடுப்புகிட்ட வைக்காம இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க?"

தலையிலும் வாயிலும் துண்டு சுற்றியிருந்தாள். பக்கத்தில் கூடை. கூடையில் ஒரே ஒரு முளை. முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்ட குரல். ஆனால் அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே கிடையாது. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

"நீயா! இத்தன நாளும் என் செடிய அறுத்து எனக்கே போட்டியா!"

"உங்க செடியா? இருவத்திரண்டு வருஷமா நான் அறுக்கிற தூருங்க இது! நீங்க முதுகுல தூக்கிட்டு வந்து நட்டதப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும்?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா எடம் உங்களுக்குத் தெரிஞ்சிடாது?"

எனக்குக் கோபம் வரவில்லை. உயிர் திரும்பி வந்த சந்தோஷம்தான் வந்தது. மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தேன்.

"சரி, போகட்டும். மலையிலயும் நல்லாத்தான் பயமுறுத்தின. பின்னாலயே வந்து பிடரியில மூச்சு விட்டியே."

யசுனோ சிரிக்கவில்லை.

"மலையிலயா? பன்னண்டாந்தேதி நான் எதுக்கு மலைக்குப் போறேன்? எனக்கென்ன கிறுக்கா? அன்னிக்கு நான் அக்கா வீட்ல இருந்தேன்."

"வெளையாடாத."

"போன் பண்ணிக் கேளுங்க."

கேட்டேன். மாசா அக்கா சொன்னாள், காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை இரண்டு பேரும் ஊறுகாய்த் தொட்டி கழுவினோம் என்று. அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. நம்பலாமா கூடாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் போனை வைத்தபோது முற்றத்தில் ஓடைத் தண்ணீர் விழும் குழாயின் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

"யசுனோ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "இனிமே அந்தச் செடி என்னோடது இல்ல. உன்னோடது. நான் கிட்டயே போகமாட்டேன். நீயே சொல்லு, எல்லாரும் கேக்கிற மாதிரி சொல்லு."

"யாருக்கு?"

"யாரு எண்ணினாளோ அவளுக்கு!"

அவள் வடக்குப் பக்கம் திரும்பி, மலையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "இந்தச் செடி இகராஷி யசுனோவோடது! இந்த ஆளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!" பக்கத்து வீட்டில் ஒனோதெரா சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். குழாயில் சத்தம் திரும்பி வந்தது.

மிச்சமிருந்த மூன்று முளைகளை அவள் அறுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை. வடக்குப் பக்கச் சன்னலை மே மாதம் முடியும்வரை திறக்கவே இல்லை.

ஜூன் மாதம் கோயில் முற்றத்தில் வழக்கம்போல் கைதட்டப் போய் நின்றேன். ஒனோதெராவின் இலை நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கூட்டம் ஓவென்றது. அடுத்த பெயரைப் படித்தார்கள். இகராஷி யசுனோ. அவள் குடை பிடித்து வருவதுபோல நீலம் பாய்ந்த ஒரு பச்சை இலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாடா வைத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். ஐம்பத்தொன்று.

"எப்படிம்மா இது?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அவ்ளோ பெரிய தூருல மூணே மூணு முளைய விட்டா, வேரு முழுக்க அதுக்குத்தானே சோறு போடும்" என்றாள் யசுனோ. பரிசுக் கோப்பையை என் கையில் கொடுத்துத் தூக்கிவரச் சொன்னாள்.

ஒனோதெரா என் பக்கம் ஒதுங்கி வந்தான். அவன் முகத்தில் நான் ஆசைப்பட்ட கரி நன்றாகவே ஒட்டியிருந்தது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இதுல உங்க பங்கு என்ன?"

"மிச்ச முப்பத்தேழையும் நான்தான் தின்னேன்."